விக்டோரியா வீதிக் கன்னிமாடம்

கடல் சூழ்ந்த கல்விச்சாலைகள் – தொடர் கட்டுரை: 7

சென்ற இதழில் பினாங்குத் தீவின் கன்னிமாடத்தைப் பற்றி எழுதியபோது, 1851-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய குழந்தை இயேசு சபைச் சகோதரிகளின் முதற் கூட்டத்தையும், அக்கூட்டத்தின் தலைவியான போலின் ரோடோ அம்மையார் கீழைத் தேசத்தின் கரையைக் காணாமலே நடுக்கடலில் உயிர் நீத்ததையும், தலைவியை இழந்த சகோதரிகள் 1852 ஏப்ரலில் பினாங்கில் இறங்கி, பாஷை தெரியாத ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியதையும், அவர்களுக்குத் துணையாக அவ்வருஷம் அக்டோபரில் மத்தில்த் ராக்ளோ அம்மையார் வந்து சேர்ந்ததையும் சொல்லி நிறுத்தினேன். அந்த அம்மையார் பினாங்கில் தங்கியிருந்தது ஒன்றரை வருஷத்துக்கும் குறைவான காலமே. அதன்பின் மூன்று சகோதரிகளை உடன் அழைத்துக்கொண்டு தபால் கப்பலில் தெற்கு நோக்கிப் பிரயாணமாகி, 1854 பிப்ரவரி 5-ஆம் தேதி அவர் இறங்கிய இடந்தான் சிங்கப்பூர்த் தீவு. அங்கே விக்டோரியா வீதியில் அவர் ஸ்தாபித்த கன்னிமாடமும் பாடசாலையுமே இவ்வாரத்து விஷயம்.

சிங்கப்பூருக்குச் சென்று திரும்பிய நம்மவர் பலர் அந்த இடத்தைக் கண்டிருப்பார்கள். நகரத்தின் நடுவே, வானளாவிய கண்ணாடி மாளிகைகளுக்கு இடையில், வெண்மையான கோபுரமும், வளைவு வளைவாகச் செல்லும் தாழ்வாரங்களும், புல்வெளி முற்றமும் கொண்டு நிற்கும் சைம்ஸ் என்ற அந்த வளாகத்தில் இன்று உணவுச்சாலைகள் நடக்கின்றன. பழைய ஜெபாலயத்தினுள் விவாக வைபவங்களும் இசை நிகழ்ச்சிகளும் நிகழ்கின்றன. மாலை வேளையில் விளக்கேற்றி வைத்தால் கண்ணுக்கு அது மிக ரமணீயமான காட்சி. ஒரு காலத்தில் இது பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் படித்த கான்வென்ட் என்று வழிகாட்டிகள் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் சரித்திரத்தில் அது பாதிதான். அந்தக் கன்னிமாடத்தின் மூலாதாரம் அதன் கோபுரத்தில் இல்லை, மதிலின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு கதவில் இருந்தது என்பதும், பாடசாலை என்பது பெரும்பகுதி அக்கதவின் வழியே வந்த சிசுக்களைக் காப்பாற்றும் பொருட்டே நடத்தப்பட்டது என்பதும் என்னுடைய துணிபு.

இச்சபையின் பிறப்பைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்வது அவசியம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரத்தில், எழுத்து வாசனையும் இல்லாமல், ஜீவனத்துக்கு ஒரு தொழிலும் இல்லாமல் தெருவில் திரிந்த ஏழைப் பெண் குழந்தைகளைக் கண்டு மனம் இளகிய நிக்கொலா பாரே என்ற துறவி, அவர்களுக்குப் போதிப்பதற்கென்று சில ஸ்திரீகளை ஒன்றுசேர்த்தார். 1621-ல் பிறந்து 1686-ல் காலமான இந்த மகான், தம்முடைய பள்ளிகளுக்கு நிலையான சொத்தும் வருமானமும் சேர்த்து வைப்பதை விரும்பாமல், கடவுளின் பராமரிப்பை நம்பியே அவை நடக்கவேண்டும் என்று விதித்தவர். பாரிஸ் நகரத்தில் இச்சபையின் தலைமையிடம் இருந்த தெருவின் பெயரால் இவர்களைச் சேன் மோர் சகோதரிகள் என்றும் அழைத்தார்கள். மூலதனம் இல்லாமல் அறம் செய்வது என்ற அந்தப் பழைய விதியின் பாரம் முழுவதும் சிங்கப்பூரில் மத்தில்த் அம்மையாரின் தோள்மீது வந்து விழுந்ததைப் பின்னால் காண்போம்.

சிங்கப்பூருக்குச் சகோதரிகளை வரவழைத்தவர் ழான் மரீ பெயூரேல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த இவர் 1839-ல் அத்தீவுக்கு வந்து, 1847-ல் திறக்கப்பட்ட நல்ல மேய்ப்பர் ஆலயத்தைக் கட்டியவர். ஆண் பிள்ளைகளுக்கொரு பாடசாலையும் பெண் பிள்ளைகளுக்கொரு பாடசாலையும் இல்லாத வரையில் ஆலயம் ஒன்று மட்டும் இருந்து பயனில்லை என்ற கருத்துடையவர். ஆசிரியர்களைத் தேடி 1850-ல் தாமே பிரான்ஸுக்குக் கப்பலேறினார். அதன் பலனாக 1852-ல் லசால் சபைச் சகோதரர்களின் ஆண்கள் பள்ளி தொடங்கிற்று. அதுவே பிற்காலத்துப் பிரசித்திபெற்ற செயின்ட் ஜோசப்ஸ் கல்விச்சாலை. பெண்கள் பள்ளிக்காக அவர் துரைத்தனத்தாரிடம் நிலம் கேட்டார், அவர்கள் இசையவில்லை. கேட்டுக் கேட்டுப் பயனில்லாமற் போகவே, நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த கால்டுவெல் என்பவருடைய வீட்டை 1852-ல் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கினார். (திருநெல்வேலி கால்டுவெல் ஐயரோடு இவரைச் சேர்த்து எண்ணிவிட வேண்டாம்; பெயர் ஒற்றுமையேயன்றி வேறில்லை.) சுற்றிலும் இருந்த மனைகளையும் பாதிரியார் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்த்துச் சகோதரிகளிடம் ஒப்படைத்தார். உடல் நலிந்து 1868-ல் தீவை விட்டுச் சென்ற அவர், 1872-ல் பாரிஸில் காலமானார். இன்று அவ்வளாகத்தின் அழகைப் புகழ்கிறவர்களில் அவர் பெயரை அறிந்தவர்கள் சொற்பமே.

அந்தக் கால்டுவெல் இல்லம் 1840, 1841 ஆகிய வருஷங்களில் கட்டப்பட்டது. கட்டியவர் அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் கோல்மன். சிங்கப்பூரின் பொதுமராமத்துக்கு மேலதிகாரியாக இருந்து, அந்நகரத்தின் ஆதித் தெருக்களையும் கட்டடங்களையும் வகுத்தவர். வீட்டின் முகப்பில் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் ஒரு பாகம் உண்டு. அதன் மேல்மாடியில் கடற்காற்று தாராளமாக வீசும் கூடத்தில் சகோதரிகள் உட்கார்ந்து தைப்பதும் வாசிப்பதும் எழுதுவதும் வழக்கமாயிருந்தது. கன்னிமாட வளாகத்தில் எத்தனையோ கட்டடங்கள் பின்னால் எழுந்தபோதும், எல்லாவற்றிலும் மூத்ததாகிய அந்த வீடு இன்றளவும் இருக்கிறது.

சகோதரிகள் வந்து குடிபுகுந்த சுமார் பத்து நாட்களுக்குள் இரண்டு வகுப்புகள் ஆரம்பமாயின. ஒன்று சம்பளம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு. மற்றொன்று அநாதைகளுக்கும் ஏழை வீட்டுப் பெண்களுக்கும். முதல் நாளிலேயே போடப்பட்ட இந்த இரட்டை அஸ்திவாரத்தை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். சிங்கப்பூரில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதற் பள்ளி இதுவன்று. 1842-லேயே லண்டன் மிஷனைச் சேர்ந்த மரியா டயர் என்ற அம்மையார், வீட்டு வேலைக்காக விற்கப்பட்ட சீனச் சிறுமிகளைக் கண்டு பொறுக்கமாட்டாமல் அவர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஆனால் கற்பிப்பதோடு நில்லாமல், பிறந்த அன்றே கைவிடப்பட்ட சிசு முதல் வயது வந்த மணப்பெண் வரையில் எல்லாப் பருவத்துப் பெண்களுக்கும் ஒரே மதிலுக்குள் புகலிடம் தந்தது விக்டோரியா வீதிக் கன்னிமாடமே.

அக்காலத்துச் சிங்கப்பூர் எத்தகைய ஊர் என்பதை அறிந்தாலன்றி இந்தப் புகலிடத்தின் அருமை விளங்காது. சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் பொருள் தேடி வந்த ஆடவர்களின் நகரம் அது. பெண்களின் தொகை அவர்களோடு ஒப்பிடமுடியாதபடி சிறிது. வந்த பெண்களிலும் பலர் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். அத்தகைய ஊரில் வறுமையாலோ, மணமாகாத தாயின் அச்சத்தாலோ, புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர் நம்பிக்கையாலோ பெண் சிசுக்கள் கைவிடப்படுவது சர்வ சாதாரணமாயிருந்தது. பிராஸ் பசா சாலையும் விக்டோரியா வீதியும் சந்திக்கும் மூலையில், கன்னிமாடத்து மதிலில் இருந்த சிறு கதவின் அருகே இரவிலும் விடியற்காலையிலும் வந்து, கூடையிலோ கந்தைத் துணியிலோ பழைய காகிதத்திலோ சுற்றிய குழந்தையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம்பிக்கை வாயில் என்று அக்கதவுக்குப் பெயர் உண்டாயிற்று. உள்ளே எடுத்துச் செல்லப்பட்ட சிசுக்களில் பல பிழைக்கவில்லை. பசியாலும் நோயாலும் நலிந்து, கடைசி மூச்சு இருக்கும்போதே அவை அங்கே வந்து சேர்ந்தன. பிழைத்தவை வளர்ந்தன. சகோதரிகள் அவற்றுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தங்கள் மதத்தில் வளர்த்தார்கள் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. வைத்துவிட்டுப் போனவர் யார் என்றே தெரியாத சிசுவுக்குத் தாயாக வந்தவள் தன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி அதைத் தொட்டாள் என்பதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

இதை வாசிக்கும்போது சீனருடைய வழக்கத்தைப் பற்றி நாம் ஏளனமாக நினைப்பதற்கு இடமில்லை. நம் தமிழகத்திலேயே, உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கதி தேசமெல்லாம் பேசப்பட்டு, 1992-ஆம் ஆண்டில் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பிக்கவேண்டியதாயிற்று. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் இட்டுவிட்டுப் போங்கள், யாரென்று கேட்கமாட்டோம் என்று ஓர் அரசாங்கமே வேண்டிக்கொள்ள நேர்ந்தது, விக்டோரியா வீதிக் கதவின் அருகே முதற் குழந்தை வைக்கப்பட்டு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிற்பாடு. அத்தகைய காரியத்தை நிலையான சொத்து இல்லாத நான்கு ஸ்திரீகள் அந்நிய நாட்டில் தொடங்கினார்கள் என்பதை எண்ணும்போதுதான் அதன் கனம் புலப்படுகிறது.

இத்தனை குழந்தைகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்குரிய விடையில்தான் பாடசாலையின் ரகசியம் இருக்கிறது. வசதியுள்ள ஐரோப்பியரும் யூரேஷியரும் சீன வியாபாரிகளும் தங்கள் பெண்களை மாணாக்கியராகவும் விடுதிவாசிகளாகவும் சேர்த்துச் செலுத்திய சம்பளம் ஒரு பக்கம். சகோதரிகளும் வளர்ந்த அநாதைப் பெண்களும் இரவு பகலாகத் தைத்த துணிகளின் விலை மறுபக்கம். மணப்பெண்ணுக்கு வேண்டிய உடைகள், குழந்தைச் சட்டைகள், சித்திரத் தையல், பின்னல் வேலை ஆகியவற்றில் கன்னிமாடத்தின் கைத்திறம் ஊரெங்கும் பெயர்பெற்றது. ரசீது எழுதுவதிலிருந்து ஊசியில் நூல் கோப்பது வரையில் எதையும் இழிவென்று கருதாத மத்தில்த் அம்மையாரின் நிர்வாகத்தில், வசதியுள்ள வீட்டுப் பெண் கட்டிய சம்பளத்தில் ஒரு பங்கு கதவோரத்துச் சிசுவின் பாலாக மாறிற்று. சம்பளப் பள்ளியை நடத்தி அதன் வருவாயை மேலும் மேலும் சம்பளப் பள்ளியைப் பெருக்குவதற்கே செலவிடும் இந்நாளைய வழக்கத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நான் விவரிக்கவேண்டியதில்லை.

ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்வது சரித்திரம் எழுதுபவனின் கடமை. அந்த இரண்டு வகுப்புகளும் நெடுங்காலம் இரண்டாகவே இருந்தன. சம்பளம் கட்டிய பெண் ஆங்கிலமும் பூகோளமும் சங்கீதமும் கற்றாள். அநாதைப் பெண் பெரும்பாலும் தையலும் சமையலும் துணி வெளுப்பதும் கற்றாள். வயது வந்தபின், கிறிஸ்தவக் குடும்பம் அமைக்க விரும்பிய இளைஞர்கள் கன்னிமாடத்துக்கு வந்து சகோதரிகளிடம் பெண் கேட்பதும், அவர்கள் விசாரித்து மணம் முடித்து அனுப்புவதும் வழக்கமாயிருந்தது. ஒரே கூரையின்கீழ் வளர்ந்த பெண்களுக்குள் பணத்தை ஒட்டி ஏற்பட்ட இந்தப் பேதம் என் மனத்துக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஊசி வேலையில் விரல் தேய்ந்த அப்பெண்களின் உழைப்பும் அக்கட்டடங்களில் கலந்திருக்கிறது. அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு ஒன்றும் வெளியே இல்லை.

இங்கே தமிழ்நாட்டுச் சம்பந்தம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பெயூரேல் பாதிரியாரின் சபையேதான் அக்காலத்தில் புதுச்சேரி மிஷனையும் நடத்திவந்தது. அச்சபை கீழைத் தேசத்துக் குருக்களைப் பயிற்றுவித்த பொதுக் கல்லூரி, சீயத்தில் தோன்றிப் பல இடங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, 1770 முதல் 1782 வரையில் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில் இருந்துவிட்டு, 1808-ல் பினாங்குத் தீவில் நிலைகொண்டது. சிங்கப்பூருக்குச் சகோதரிகள் வருவதற்குப் பத்து வருஷம் முந்தி, 1844-ல், பொன்னான் ஆண்டகையின் தலைமையில் புதுச்சேரியில் கூடிய குருக்கள் மாநாடு பெண் கல்வியின் அவசியத்தை வற்புறுத்த, அவ்வருஷம் அக்டோபரில் துய்ப்புயி பாதிரியார் மரியன்னையின் இருதயத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். தமிழ் – பிரெஞ்சு அகராதி தொகுத்தவர்களில் ஒருவரும், மிஷன் அச்சுக்கூடத்தை வளர்த்தவருமான அறிஞர் இவர். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே குடும்பத்துக்கு அவமானம் என்று கருதப்பட்ட அந்நாளில், அந்தச் சபையில் சேர்ந்து ஆசிரியைகளானவர்கள் தமிழ்ப் பெண்கள். கற்பித்த பாஷை தமிழ். சிங்கப்பூரிலோ ஆசிரியைகள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர், போதனை ஆங்கிலத்தில். ஆங்கிலம் தாய்மொழியான சகோதரிகள் போதாமையால், 1909-ல் அயர்லாந்தின் கார்க் ஜில்லாவிலுள்ள திரிஷேன் என்ற இடத்தில் சபையார் ஒரு மடம் திறந்து, அங்கிருந்து ஐரிஷ் கன்னியரைக் கப்பலேற்றி அனுப்பும்படி ஆயிற்று. ஒரே குருசபையின் ஆதரவில், ஒரே பத்து வருஷத்துக்குள் எழுந்த இவ்விரு முயற்சிகளில், உள்ளூர்ப் பெண்களையே ஆசிரியைகளாக்கிய புதுச்சேரி முயற்சி தொலைநோக்கில் சிறந்தது என்பேன். கைவிடப்பட்ட சிசுவை மடியில் ஏந்திய வகையில் சிங்கப்பூர் முயற்சிக்கு ஈடு சொல்வது கடினம்.

நான் வசிக்கும் அத்திப்பட்டுப் பகுதிக்கும் அத்தீவுக்கும் வேறொரு வகையில் உறவு உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் துறைமுகங்களும் எழுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, கழியில் கிளிஞ்சல் வாரிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது ஒரு ஜீவனமாக இருந்துவந்தது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து மலாய்த் தீவுகளுக்குத் துணி மூட்டைகள் சென்றது டச்சுக்காரர் 1613-ல் அங்கே கோட்டை கட்டிய காலத்துக்கும் முற்பட்ட வியாபாரம். துணியைப்போலவே சுண்ணாம்பு பூசும் வித்தையும் கடல் கடந்தது. கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் மெருகேற்றும் அந்த வேலைக்கு மதராஸ் சுண்ணாம்பு என்றே சிங்கப்பூரில் பெயர். கன்னிமாடத்துக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் எழுப்பி, அதன் உட்சுவர்களை இவ்விதம் பூசியவர்கள், இந்தியாவிலிருந்து தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்ட கைதிகள். கோல்மனின் மேற்பார்வையில் சிங்கப்பூரின் ஆதிச் சாலைகளைப் போட்டவர்களும் அவ்வாறு கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகளே. பெண் சிசுக்களுக்கு அடைக்கலம் கொடுத்த அந்த ஊரின் வீதிகளைச் சமைத்தவர்களும் இவ்வாறு வீடிழந்து வந்தவர்கள்தாம்.

மத்தில்த் அம்மையார் பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் உழைத்துவிட்டு, 1872-ல், ஐம்பத்தெட்டாம் வயதில், ஜப்பானில் புதிதாகத் தொண்டு தொடங்கும்படி அழைப்பு வரவே, யோக்கோஹாமாவுக்குப் புறப்பட்டார். 1814-ல் பிரான்ஸின் வோஸ்ஜ் பகுதியில் பிறந்த அவர், 1911-ல் ஜப்பானிய மண்ணிலேயே காலமானார். விக்டோரியா வீதியில் அவருக்குப் பின்வந்தவர்கள் கட்டடங்களைப் பெருக்கினார்கள்.

அக்கட்டடங்களின் மகுடம் 1904-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அபிஷேகம் செய்யப்பட்ட ஜெபாலயம். அதை வரைந்து எழுப்பியவர் ஷார்ல் பெனடிக்ட் நேன் என்ற பாதிரியார். சிற்ப சாஸ்திரத்தில் கைதேர்ந்த அவரே எதிர்ப்புறத்து ஆண்கள் பள்ளியின் வளைந்த பக்கச் சிறகுகளையும் அமைத்தவர். காதிக் முறையில் வான் நோக்கி எழும் ஐந்தடுக்குக் கோபுரமும், பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் ஜூல் டொபலேர் செய்தனுப்பிய வர்ணக் கண்ணாடிச் சாளரங்களும் அதற்கு உண்டு. ஜெபாலயத்திலும் தாழ்வாரங்களிலும் உள்ள தூண்களின் போதிகைகள் 648 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வெப்ப மண்டலத்துச் செடி கொடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டிருக்க, ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. ஐரோப்பிய வடிவத்துக்குள் கீழைநாட்டு இலையையும் பூவையும் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்று தோன்றிய அந்தச் சிற்ப மனத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இதற்குள் மடத்தின் கிளைகள் மலாய் நாடெங்கும் பரவியிருந்தன. 1899-ல் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸிலும் தைப்பிங்கிலும், 1904-ல் சிரம்பானிலும், 1907-ல் ஈப்போவிலும் கான்வென்ட் பள்ளிகள் ஏற்பட்டன. சிங்கப்பூர் வளாகத்தின் பக்கத்திலேயே ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தை வாங்கி, 1933-ல் சீன மொழி வழியாகப் போதிக்கும் செயின்ட் நிக்கலஸ் பெண்கள் பள்ளியைத் திறந்தார்கள். ரயில்வேயிலும் சர்க்கார் கச்சேரிகளிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தாரும், வியாபாரம் செய்த புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தாரும் தங்கள் பெண்களை இந்தக் கான்வென்ட்டுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களிலிருந்து ஆசிரியைகளும் வைத்தியர்களும் தாதிமாரும் தோன்றினார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய தொழிலாளியின் மகளுக்கு மட்டும் அந்த வாயில் வெகுநாள் எட்டாமலே இருந்தது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தும், கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லித்தரும் கொட்டகைதான் பல தோட்டங்களில் பள்ளி என்று பெயர் பெற்றிருந்தது. கான்வென்ட்டுகளால் மலாயாத் தமிழ்ப் பெண்கள் முன்னேறினார்கள் என்று பொதுப்படையாக எழுதுகிறவர்கள் இந்த வேற்றுமையையும் சேர்த்தே எழுதவேண்டும்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. உணவுப் பஞ்சம் முற்றியபோது, ஊரில் உள்ளவர்களைக் காட்டை வெட்டிப் பயிரிடும்படி வெளியே அனுப்பும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. அதன்படி 1943-ஆம் வருஷ முடிவில் நெகிரி செம்பிலானிலுள்ள பாகாவு என்ற இடத்துக்குக் கத்தோலிக்கரும் யூரேஷியரும் ஆயிரக்கணக்கில் போனார்கள். மேற்றிராணியார் தெவால்ஸ் ஆண்டகை அவர்களோடு சென்றார். கன்னிமாடத்துச் சகோதரிகளில் சிலரும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும் சென்றார்கள். நீர்வளம் குன்றிய நிலமும் மலைஜுரமும் குடியேறியவர்களை வாட்டின, பலர் மாண்டனர், 1945-ல் ஆண்டகையும் காலமானார். யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் மறுபடியும் வகுப்புகளைத் திறந்தார்கள்.

அதன் பின்னர் நாற்பது வருஷம் பள்ளி செழித்தது. நகரம் அதைவிட வேகமாக வளர்ந்தது. நகரச் சீரமைப்பின் பொருட்டு அந்நிலம் சர்க்காருக்கு வேண்டியதாயிற்று. 1983 நவம்பரில் ஜெபாலயத்தில் கடைசிப் பூசை நடந்து, அது வழிபாட்டிலிருந்து நீக்கப்பட்டது. பள்ளி தோ பாயோ என்ற புதுநகர்ப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் செயின்ட் நிக்கலஸ் பள்ளியும் வேறிடம் சென்றது. பழைய கட்டடங்களில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் ஜெபாலயமும் கால்டுவெல் இல்லமும் 1990-ல் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டு, நுணுக்கமாகப் பழுது பார்க்கப்பட்டு, 1996-ல் சைம்ஸ் என்ற பெயரில் திறக்கப்பட்டன. அதே 1996-ல்தான் எதிரிலிருந்த செயின்ட் ஜோசப்ஸ் கட்டடமும் சிங்கப்பூர்க் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது.

சுவரையும் போதிகையையும் சாளரத்தையும் காப்பாற்றியதற்காகச் சிங்கப்பூர்ச் சர்க்காரைப் பாராட்டத்தான் வேண்டும். நம் சென்னையிலும் செங்கற்பட்டிலும் இதே வயதுள்ள எத்தனையோ பள்ளிக் கட்டடங்கள் ஒரு புகைப்படமும் மிஞ்சாமல் மறைந்திருக்கின்றன. ஆனால் இடத்தின் நினைவைக் காப்பது என்ற காரியத்தில் அங்கே செய்தது போதாது என்பதே என் அபிப்பிராயம். கட்டடக் கலைஞரின் பெயரும் சாளரம் செய்தவரின் பெயரும் இன்று யாரும் தேடி அறிய முடிகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கதவோரத்தில் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்த பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் இடம் அவ்வளாகத்தின் நடுவிலேயே, உணவுச்சாலைகளுக்கு முன்னதாக, இருந்திருக்கவேண்டும்.

அந்தக் குறையைப் போக்குவதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் திருவள்ளூர், செங்கற்பட்டு ஜில்லாக்களிலும் தஞ்சை, இராமநாதபுரம் பக்கங்களிலும் நிறைய இருக்கின்றன. அக்குடும்பங்களில் பாட்டியோ பெரியம்மாளோ அத்தையோ கான்வென்ட்டில் படித்தவராக, அல்லது கான்வென்ட்டிலேயே வளர்க்கப்பட்டு மணம் முடித்து வந்தவராக இருக்கக்கூடும். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் பாஷையிலேயே எழுதி வையுங்கள். பள்ளிச் சான்றிதழோ ஞானஸ்நானப் பத்திரமோ தையற்பெட்டியோ இருந்தால் பழையதென்று எறிந்துவிடாதீர்கள். இவ்வட்டாரத்துப் பழைய மிஷன் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு: முதற் சேர்க்கைப் பதிவேடுகளைக் கறையானுக்கு விடாமல் பிரதி எடுத்து வையுங்கள். முதன்முதலாக எழுத்தறிந்த பெண்களின் பெயர்கள் வேறெங்கும் கிடையா.

மத்தில்த் அம்மையார் 1872-ல் இறங்கிய யோக்கோஹாமாவில், அவர் தொடங்கிய சேன் மோர் பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் சரித்திரம் அடுத்த இதழில்.